பீனாவுக்கு, நீ அனுப்பிய நோட்ஸ் பற்றி

அன்பு மகள் பீனாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். இங்கே மழை விட்டபாடில்லை. அம்மா உனக்கு ஏத்தங்காய் சிப்ஸ் வறுத்து டப்பாவில் அடைத்து வைத்திருக்கிறாள். யாராவது சென்னைக்கு வந்தால் கொடுத்தனுப்பலாம் என்று பார்க்கிறோம்.

நீ எழுதி அனுப்பிய ஆறு பியானோ பாட்டும் வந்து சேர்ந்தது. எல்லாவற்றையும் நம் பியானோவில் வாசித்துப் பார்த்துவிட்டேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு எழுதியிருக்கிறாயே, அது அருமை. இரண்டு கட்டைவிரலையும் பியானோவின் நடுவில் இருக்கும் ஸி கட்டையில் வைத்தால் பாட்டு முடியும்வரை கை இடம் மாற வேண்டியதில்லை. ஒரு கை வாசிக்கும்போது மறு கை காத்திருக்கிறது. கடைசி நாலு பாரில், அதாவது கடைசி நாலு தாளக் கட்டத்தில்தான் இரண்டும் சேருகின்றன. பெடலும் இல்லை. ஆறு வயசுப் பிள்ளைக்குக் கால் எங்கே எட்டும்? பக்கத்தில் உட்காரும் டீச்சருக்குத் தனியாக ஒரு பாகம் வைத்திருக்கிறாய். பிள்ளை வாசிப்பது ஐந்தே சுரம், கேட்பவர்களுக்கு அது முழுப் பாட்டு. பரீட்சைக்கான மூன்று பாட்டையே வருஷம் பூராவும் வாசித்து வெறுத்துப்போன பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உன்னிடம் வருகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள் மக்களே.

அந்த ஏழு எண்ணிக்கைப் பாட்டை அம்மாவே அடுக்களையிலிருந்து வந்து நின்று கேட்டாள். மூன்றும் நாலுமாகப் போகிற நம் கீர்த்தனை நடை அல்லவா! ஹங்கேரிக்காரர் பார்டோக், பியானோ பழகுகிறவர்களுக்கான தன் மைக்ரோகாஸ்மாஸ் தொகுப்பில் 153 பாட்டு எழுதினார்; ஏழு, ஒன்பது போன்ற எண்ணிக்கைகள் வரும் பல்கேரிய நடையில் அமைந்த ஆறு நடனங்களைக் கடைசியில்தான் வைத்தார். அதுவரை போய்ச் சேர ஒரு பிள்ளைக்கு எத்தனை வருஷம் ஆகும்! உன் பிள்ளைகள் இரண்டாம் கிரேடிலேயே ஏழைத் தொட்டுவிடுகிறார்கள். கோயிலிலோ சர்ச்சிலோ காதில் விழுந்த நடைதானே, கை தானாக வரும்.

ஐந்தாம் கிரேடு பாட்டைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். இடது கை ஓட்டமாக ஓடுகிறது, நன்றாக இருக்கிறது. வலது கைக்கு மேலே நீ போட்டிருக்கும் விரல் எண்கள் எல்லாம் 1, 2, 3. மோதிரவிரலுக்கான நாலும் சுண்டுவிரலுக்கான ஐந்தும் ஒரு இடத்தில்கூட இல்லை. விட்டுப்போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் ஆறு பாட்டையும் பரப்பி வைத்துப் பார்த்தேன். வலது கைக்கு, கையை விரித்து எட்டுச் சுரம் எட்டிப் பிடிக்கிற ஆக்டேவ் ஒன்றுகூட இல்லை. போன வருஷத்துப் பாட்டுகளில் ஐந்தாவது விரல்தானே மேலே நின்று பாடும்? பிள்ளைகளுக்கு அந்த இரண்டு விரலும் பலமில்லாதவை, அதனால் விட்டேன் என்று சொல்வாய். பலமில்லை என்பதற்காகத்தான் ஐந்தாம் கிரேடில் வேலை கொடுக்க வேண்டும். இது உனக்குத் தெரியாததா?

பென்சிலால் எழுதி அனுப்புகிறவள் இந்த முறை கம்ப்யூட்டரில் அடித்திருக்கிறாய். மாதக்கணக்காக வாய்ஸ் மெசேஜ்தான் வருகிறது. போன் பண்ணினால், கிளாஸில் இருக்கிறேன் அப்பா என்று வைத்துவிடுகிறாய்.

ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமன் 1848-ல் பியானோ பழகும் பிள்ளைகளுக்காக 43 பாட்டு எழுதினார். அதில் முதல் சிலவற்றை எழுதியது மூத்த மகள் மாரியின் ஏழாவது பிறந்தநாளுக்கு. சின்னவர்களுக்கு ஒரு பாகம், கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு ஒரு பாகம் என்று அப்போதே பிரித்து வைத்தார். இப்போது நீ செய்வதும் அந்த வேலைதான், எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! விரல் முடங்கிப்போன அவருடைய வலது கையைப் பற்றி நான் சொல்லித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. ராஜன் சித்தப்பா கடைசிவரை யாரிடமும் சொல்லாமல் இருந்ததும் உனக்குத் தெரியும். இந்தக் குடும்பத்துக்கு அந்த ஒன்று போதும்.

ஒரு பிள்ளை போய் அடுத்த பிள்ளை வருவதற்குள் பத்து நிமிஷம் விடு. அந்த நேரத்தில் போனையும் எடுக்காதே. ஸ்டூலின் உயரத்தைச் சரி பண்ணு. பிள்ளைகளுக்கு ஏற்றி இறக்கிவிட்டு அப்படியே நீயும் உட்கார்ந்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா. மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்காதே. ஞாயிற்றுக்கிழமை கிளாஸ் வேண்டவே வேண்டாம். காசு எங்கே போகப் போகிறது? பத்து நிமிஷம் விடு, மறக்காதே. மாப்பிள்ளையிடமும் சொல்லி வை.

அம்மாவிடம் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. அவள் கேட்டது ஏழு எண்ணிக்கைப் பாட்டை மட்டும்தான். அதை நான் தினமும் சாயங்காலம் வாசிக்கிறேன், அவளுக்குச் சந்தோஷம்.

இந்தக் கடிதத்துக்குப் பேனா எடுத்துப் பதில் எழுது. நாலு வரி போதும். எழுத முடியவில்லை என்றால் கடிதம் கிடைத்த அன்றைக்கே போன் பண்ணு. ரிசர்வேஷன் இருக்கிறதோ இல்லையோ, நான் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறிவிடுவேன்.

அன்புடன்
அப்பா