பின் சஸ்பென்ஷனை மாற்றும் முன் எடையைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரடுமுரடான பாதையிலும் நெடும்பயணம் போக ஏற்ற அட்வென்ச்சர் மோட்டார் சைக்கிள்களின் பின்பக்க சஸ்பென்ஷனை, அதாவது சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் அமைப்பை, தரம் உயர்த்துவது குறித்துத் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நெடும்பயணம் போகும் இளைஞர்கள் பெருகிவரும் இந்நாளில் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்கு நன்றி. ஆயினும், எந்த நிறுவனத்தின் ஷாக் அப்சார்பர் (ஸ்பிரிங்கும் அதன் துள்ளலை அடக்கும் எண்ணெய்க் குழலும் சேர்ந்த உறுப்பு) சிறந்தது என்ற ஒப்பீட்டிலேயே கட்டுரை முடிந்துவிட்டதால், வாங்குபவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி விடுபட்டுப் போயிற்று. வண்டியின் மேல் ஏறப்போகும் மொத்த எடை எவ்வளவு, இப்போதுள்ள ஸ்பிரிங் அதைத் தாங்குமா என்பதே அக்கேள்வி. பாலிடெக்னிக் கல்லூரியொன்றில் ஆட்டோமொபைல் பாடம் நடத்துபவன், ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 411 ஓட்டுபவன் என்ற இரண்டு முறையிலும் இதுபற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

2016இல் விற்பனைக்கு வந்த ஹிமாலயன் 411இன் பின்சக்கரம் 180 மில்லிமீட்டர் தூரம் மேலும் கீழும் நகரக்கூடியது. 2023ஆம் ஆண்டின் இறுதியில் வந்த ஹிமாலயன் 450இல் அது 200 மில்லிமீட்டர். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200இல் 170 மில்லிமீட்டர். இந்த நகர்வு முழுவதையும் தாங்கி நிற்பது ஒற்றை ஸ்பிரிங். ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ள கல்லூரி மாணவியும், தொண்ணூற்றைந்து கிலோ எடையுள்ள கணவரும் பின்னால் மனைவியும் இரு பக்கப் பெட்டிகளும் கூடாரமும் பெட்ரோல் கேனுமாகக் கிளம்பும் குடும்பமும் ஒரே வண்டியைத்தான் ஷோரூமிலிருந்து ஓட்டிச் செல்கிறார்கள். தயாரிப்பாளர் இவர்களுக்கு நடுவில் ஓர் எடையைக் கணித்து ஸ்பிரிங் போடுகிறார். அதில் குறை காண முடியாது; ஆனால் அந்த நடுவிலிருந்து வெகுதூரம் விலகி நிற்பவருக்கு அந்த ஸ்பிரிங் பொருந்தாது.

பாரம் ஏற்றியதும் வண்டியின் வால் தாழ்ந்துவிட்டால் குழியில் விழும்போது இடுப்பில் அடி விழும் என்பதுதான் பலரும் அறிந்த விளைவு. அதைவிடக் கவலைக்குரிய விளைவுகள் வேறு உண்டு. வால் தாழ முன்பக்கம் தூக்கிக்கொள்கிறது. முன்சக்கரத்தின் மீதுள்ள பாரம் குறைந்து, ஸ்டியரிங் கோணம் சாய்ந்து, வளைவில் வண்டி நாம் நினைத்த கோட்டைவிட்டு வெளிப்பக்கமாக விலகப் பார்க்கிறது. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் பாரம் ஏற்றிய வண்டியை ஓட்டியவர்களுக்கு இது நன்கு தெரிந்திருக்கும். ஹெட்லைட்டும் மேல்நோக்கித் திரும்பி எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைக்கிறது. இரவுப் பயணத்தில் எதிர்வண்டிக்காரர் விடாமல் டிப்பர் அடித்தால், பல்பைக் குறைசொல்லும் முன் பின் ஸ்பிரிங்கைப் பார்ப்பது நல்லது. பெட்டிகளைப் பின் ஆக்சிலுக்கும் பின்னால் நீட்டித் தொங்கவிடுவோருக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும், ஏனெனில் அங்கே வைக்கும் ஒவ்வொரு கிலோவும் நெம்புகோல்போல முன்பக்கத்தைத் தூக்குகிறது.

ஸ்பிரிங் போதுமா என்பதை அறிய அளவு நாடா ஒன்றும் துணைக்கு இரண்டு பேரும் இருந்தால் போதும். எங்கள் பணிமனையில் மாணவர்களைக் கொண்டு செய்விக்கும் முறையைச் சொல்கிறேன். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்படி நிறுத்துகிறோம். பின் ஆக்சிலின் மையத்துக்கு நேர் மேலே, பக்கவாட்டுப் பேனலில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, பேனாவால் ஒரு கோடு போட்டு, ஆக்சிலிலிருந்து அந்தக் கோடு வரைக்கும் உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்கிறோம். பிறகு வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கிப் பயண மூட்டைகளைக் கட்டுகிறோம். ஒருவர் முன்னால் நின்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் பூட்ஸும் அணிந்த ஓட்டுநர் ஏறி, இரு கால்களையும் ஃபுட்ரெஸ்டில் வைத்து, இருக்கையில் ஓரிரு முறை அழுத்தி எழும்பி அசையாமல் உட்காருகிறார். மற்றவர் குனிந்து அதே தூரத்தை மறுபடி அளக்கிறார். முதலில் 560 மில்லிமீட்டர், இப்போது 480 மில்லிமீட்டர் என்றால் வண்டி 80 மில்லிமீட்டர் அமிழ்ந்திருக்கிறது. பின்சக்கர நகர்வில் ஏறக்குறைய 30 சதவீதம் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இந்த அமிழ்வு இருக்கலாம் என்பது பொதுவான நடைமுறை; 180 மில்லிமீட்டர் நகர்வுள்ள வண்டிக்கு அது 54 முதல் 60 வரை. எண்பது என்பது மிகை.

இங்கே பெரும்பாலோர் சி ஸ்பேனரை எடுத்துப் பிரீலோட் வளையத்தை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே நெருக்கி வைக்கும் வளையத்தை, இறுக்கிவிட்டு, ஸ்பிரிங் கடினமாகிவிட்டது என்று நம்புகிறார்கள். சீரான சுற்றுள்ள ஸ்பிரிங்கின் கடினத்தைப் பிரீலோட் மாற்றுவதில்லை. ஒரு மில்லிமீட்டர் அமுங்க எத்தனை நியூட்டன் விசை தேவை என்பது இறுக்குவதற்கு முன்னும் பின்னும் ஒன்றேதான். வண்டி நிற்கும் உயரம் மட்டுமே கூடுகிறது. எனவே பிரீலோடைக் கூட்டி அமிழ்வை 60 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்த பிறகு இன்னோர் அளவையும் எடுக்க வேண்டும். ஆளும் மூட்டையும் இல்லாமல் வண்டி தன் சொந்த எடையில் எவ்வளவு அமிழ்கிறது என்று பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து மில்லிமீட்டராவது அமிழ்ந்தால் ஸ்பிரிங் ஏறக்குறையப் பொருத்தம். கொஞ்சமும் அமிழாமல் விறைத்து நின்றால் ஸ்பிரிங் கடினமா, மென்மையா என்று வகுப்பில் கேட்டால், பெரும்பாலும் கடினம் என்றுதான் விடை வரும். உண்மையில் அது மென்மை. மென்மையான ஸ்பிரிங்கை அளவுக்கு மீறி நெருக்கி வைத்ததால்தான் வண்டியின் சொந்த எடையால் அதை அமுக்க முடியவில்லை. அப்படி நிற்கும் வண்டியின் சக்கரத்துக்குப் பள்ளத்தில் கீழே இறங்க இடமில்லாமல், அது தரையைவிட்டுத் துள்ளுகிறது.

ஆக, முதல் தேவை எடைக்கேற்ற ஸ்பிரிங். இதைச் சொல்வது எளிது, வாங்குவதுதான் கடினம். பெருநகரம் ஒன்றில் உள்ள உதிரிப்பாகக் கடையில், பல பத்தாயிரம் ரூபாய் மதிப்புள்ள வெளிநாட்டு ஷாக் அப்சார்பரை ஒரு பயணிக்கு விற்றதை அருகில் நின்று பார்த்தேன். வண்டியின் பெயரையும் ஆண்டையும் கேட்டார்கள், ஸ்பிரிங்கின் நிறத்தைக்கூடக் கேட்டார்கள். அவருடைய எடையை யாரும் கேட்கவில்லை, பின்னால் ஆள் ஏறுமா என்றும் கேட்கவில்லை. பெட்டியின் மேல் ஸ்பிரிங்கின் கடினம் எண்ணாக அச்சிடப்பட்டிருந்தது, ஆனால் அந்த எண் எந்த எடைக்கு உரியது என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. இது அந்த ஒரு கடையோடு நிற்கும் குறை என்று நான் நினைக்கவில்லை.

அந்த எண்ணை மட்டும் பார்த்து ஒரு வண்டியின் ஸ்பிரிங்கை இன்னொரு வண்டிக்கு ஒப்பிடவும் முடியாது என்பதை வாசகர்கள் அறிய வேண்டும். பின்சக்கரம் நகரும் தூரத்தில் ஒரு பங்குதான் ஷாக் அமுங்குகிறது. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மும், அதை ஷாக்கோடு இணைக்கும் லிங்கேஜும் நெம்புகோலாக நடுவே நிற்கின்றன. சக்கரம் மூன்று மில்லிமீட்டர் நகர ஷாக் ஒரு மில்லிமீட்டர் அமுங்கினால், சக்கரத்தில் உணரப்படும் கடினம் ஸ்பிரிங்கின் கடினத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. மில்லிமீட்டருக்கு 90 நியூட்டன் கடினமுள்ள ஸ்பிரிங், சக்கரத்தில் மில்லிமீட்டருக்கு 10 நியூட்டனாகத்தான் தெரியும். விகிதம் வண்டிக்கு வண்டி மாறுவதாலும், லிங்கேஜ் உள்ள வண்டிகளில் நகர்வின் ஊடேயே மாறுவதாலும், "நண்பன் வண்டியில் போட்டது நன்றாக இருக்கிறது" என்பது அளவுகோலாகாது. (யமஹா ஏற்றுக்கொண்ட ஒற்றை ஷாக் அமைப்பை வடிவமைத்த பெல்ஜியக்காரர் லூசியன் டில்கென்ஸும் பொறியியல் ஆசிரியரே என்பதில் என் போன்றோருக்குச் சிறு பெருமை உண்டு. 1973இல் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டம் வென்ற யமஹாவில் இருந்தது அந்த அமைப்புதான்.)

அப்படியானால் விலையுயர்ந்த ஷாக் வீண் செலவா என்று கேட்டால், இல்லை. ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் அது திரும்ப விரியும் வேகமும் கூடும்; அந்த வேகத்தை அடக்குவது ரீபவுண்ட் டேம்பிங். ரீபவுண்டைத் திருத்தும் வசதியே இல்லாத பழைய ஷாக்கில் கடினமான ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால், ஒவ்வொரு மேட்டுக்குப் பிறகும் வால் உதைத்து எழும். எதிர்த்திசையில் ரீபவுண்டை மிகவும் இறுக்கிவிட்டால், வரிவரியான மண்சாலையில் ஒரு மேட்டிலிருந்து சக்கரம் மீண்டு இறங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிட, ஷாக் படிப்படியாக அமுங்கிக்கொண்டே போய் அடியில் தட்டும். லடாக்கில் இப்படிப்பட்ட சாலையில் மணிக்கணக்காக ஓடும்போது ஷாக்கின் உள்ளே எண்ணெய் சூடேறி இளகி, எண்ணெயும் வாயுவும் ஒன்றாகவே இருக்கும் எளிய வகை ஷாக்கில் அது நுரைத்தும் போகிறது. காலையில் கட்டுக்குள் இருந்த வண்டி மாலையில் ஊஞ்சலாடுவதற்குக் காரணம் இதுவே. ரிசர்வாயர் எனும் தனிக் கலத்தில் நைட்ரஜனையும் எண்ணெயையும் பிரித்து வைத்திருக்கும் ஷாக் அங்கேதான் தன் விலைக்கு ஈடான வேலையைச் செய்கிறது. நகரத்திலும் நான்குவழிச் சாலையிலும் மட்டும் ஓடும் வண்டிக்கு அதே பணம் தேவையில்லை என்பது என் கருத்து. நைட்ரஜன் அழுத்தத்தில் அடைக்கப்பட்ட ஷாக்கைச் சாதாரணப் பட்டறையில் பிரிக்க ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கட்டுரை தொடாமல் விட்ட இன்னொரு செய்தி லிங்கேஜ் பேரிங்குகள். மண்ணும் சேறும் நேரே தெறிக்கும் இடத்தில் இருக்கும் இவற்றில், வாட்டர் சர்வீஸ் கடையில் பீய்ச்சியடிக்கும் தண்ணீர் புகுந்து கிரீஸை அடித்துச் சென்றுவிடும். துருப்பிடித்து இறுகிய லிங்கேஜின் மேல் எத்தனை உயர்ந்த ஷாக்கை மாட்டினாலும் சிறு குலுக்கல்கள் நேரே முதுகுக்கு வந்து சேரும். ஷாக்கைக் கழற்றும் அன்றே லிங்கேஜையும் கழற்றித் துடைத்து கிரீஸ் வைப்பதற்குப் பெரிய செலவில்லை. "ஷாக் போய்விட்டது" என்று வருகிற சில வண்டிகள் இந்த ஒரு வேலையோடு சரியாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

வண்டியின் உயரத்தைக் கூட்டுவதற்காக நீளமான ஷாக் போடுவோர், சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகமாகச் சாய்வதையும், செயின் ஸ்விங் ஆர்மில் உரசும் கோணம் மாறுவதையும் கவனிக்க வேண்டும். பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தைத் திருத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது; ஷாக் அப்சார்பர் விவரம் சான்றிதழில் இடம்பெறுவதில்லை என்றாலும், உத்தரவாதக் காலம் முடியாத வண்டியாக இருந்தால் மாற்றுவதற்கு முன் விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது பாதுகாப்பு.

தயாரிப்பாளர்களிடம் என் வேண்டுகோள் பெரியதன்று. கேடிஎம் நிறுவனம் தன் எண்டூரோ வண்டிகளின் (கரடுமுரடான பாதைப் பந்தய வண்டிகளின்) கையேட்டில், ஓட்டுநரின் எடைக்கு இன்ன ஸ்பிரிங் என்ற அட்டவணையையும் அமிழ்வை அளக்கும் முறையையும் அச்சிட்டுத் தருகிறது. பந்தயக்காரருக்குக் கிடைக்கும் அந்த ஒரு பக்கம், மனைவியோடு மலையேறும் சாதாரணப் பயணிக்கும் கிடைக்க வேண்டும். இந்த வகை வண்டிகளில் பெயர்பெற்ற ஹிமாலயன் சென்னையை அடுத்தே உருவாகும்போது, அந்தப் பக்கம் தமிழிலும் வருமானால் நம்மூர் மெக்கானிக்குகளுக்குப் பேருதவியாக இருக்கும். மென்மை, நடுத்தரம், கடினம் என மூன்று ஸ்பிரிங்குகளை உதிரிப்பாகமாகத் தனியே விற்றால், பலர் முழு ஷாக்கையும் தூக்கி எறிய வேண்டிய தேவையே எழாது.

தங்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வாகனப் பக்கத்தில் இனி இத்தகைய வண்டிகளையோ ஷாக்குகளையோ மதிப்பிடும்போது, ஓட்டிப் பார்த்தவரின் எடை, ஏற்றிய பாரம், பிரீலோட் நிலை, அளந்த அமிழ்வு ஆகியவற்றையும் மதிப்பீட்டோடு வெளியிடுங்கள். "பின் சஸ்பென்ஷன் சற்றுக் கடினம்" என்று எழுதியவர் அறுபது கிலோவா தொண்ணூறு கிலோவா என்று தெரிந்தால்தான் படிப்பவர் அதைத் தன் வண்டிக்குப் பொருத்திப் பார்க்க முடியும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்.