ஊதாச் சட்டை இருக்கட்டும், கழிவறையைத் திறந்துவிடுங்கள்

எங்கள் நிறுவனத்தின் மனிதவளத் துறைக்கும் அட்மின் பிரிவுக்கும்,

வணக்கம். டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று ஊதா நிறச் சட்டை போட்டுக்கொண்டு வரவேற்பறைக்கு வாருங்கள், போட்டோ எடுக்க வேண்டும் என்று நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் கிடைத்தது. நான் இன்னும் பதில் போடவில்லை. என் பழைய மின்னஞ்சல்களுக்கு உங்களிடமிருந்து முதலில் பதில் வரட்டுமே என்று இருக்கிறேன். விஷயம் உங்களுக்குப் புதிதல்ல, எங்கள் தளத்தில் சக்கர நாற்காலி படம் ஒட்டி, பூட்டிக் கிடக்கிற அந்தக் கழிவறைதான்.

ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருநாள் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். காலித் தண்ணீர் கேன்கள், கால் உடைந்த சுழல் நாற்காலிகள், போன கிறிஸ்துமஸுக்கு வாங்கிய மரம், நான் பிடித்து எழ வேண்டிய கம்பியில் காயப்போட்ட மாப்பு. மூலையில், போன வருடம் இதே தினத்துக்கு அடித்த பேனர், 'இங்கே எல்லோருக்கும் இடமுண்டு' என்று. பேனருக்காவது இடம் கிடைத்ததே.

சாவி அட்மினிடம் இருக்கிறதாம். அட்மினைக் கேட்டால் கட்டடப் பராமரிப்பைக் கேள் என்கிறார்கள், அங்கே கேட்டால் உங்கள் கம்பெனியில் சொன்னால்தான் காலி செய்வோம் என்கிறார்கள். மற்ற கழிவறைகளின் கதவில் என் சக்கர நாற்காலி வண்டி நுழையாது. அதனால் லிஃப்ட் பிடித்துக் கீழே போய், பக்கத்து பிளாக்கின் தரைத்தளத்துக்குப் போய், திரும்பி வருகிறேன். மதிய நேரத்தில் லிஃப்ட் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், நிற்பவர்கள் நான்கு பேர் நெருக்கி நின்றால் என் வண்டிக்கு இடமில்லை. இதற்காகவே காலையில் காபி குடிப்பதை விட்டேன். தண்ணீர் பாட்டில் மேசையில் இருக்கிறது, தொடுவதில்லை. சிறுநீர்த் தொற்று வந்து லீவு போட்டபோது காரணம் 'காய்ச்சல்' என்று எழுதினேன், வேறென்ன எழுதுவது? அப்புறம் வருடாந்திர மதிப்பீட்டில் 'இருக்கையில் அடிக்கடி இருப்பதில்லை' என்று ஒரு வரி.

சட்டம் பேச எனக்கும் ஆசையில்லை, ஆனால் பேச வைக்கிறீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற தனியார் நிறுவனமென்றால் மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கு என்னென்ன வசதிகள் என்பதும், அதைக் கவனிக்கிற தொடர்பு அலுவலர் நியமனமும் அந்தக் கொள்கையில் இருக்க வேண்டும். நம்முடைய கொள்கை இன்ட்ராநெட்டில் இருக்கிறது, அழகாகவும் இருக்கிறது. தொடர்பு அலுவலர் யார் என்று கேட்டால்தான் யாருக்கும் தெரியவில்லை. அதே சட்டத்தின் 44-வது பிரிவு, அணுகல் வசதி விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்றிதழ் கிடையாது என்கிறது. அதாவது, சான்றிதழ் வாங்கும்வரை அது கழிவறை, வாங்கிய பிறகு ஸ்டோர் ரூம். சென்னை ஓ.எம்.ஆர். சாலை முழுக்க இந்தக் கதை எத்தனை கட்டடங்களில் நடக்கிறதோ.

இதற்கு நடுவில் பன்முகத்தன்மைப் பயிற்சி வகுப்பு வேறு. ஆழ்மனப் பாரபட்சம் பற்றி ஒருவர் இரண்டு மணி நேரம் பேசினார், நன்றாகத்தான் பேசினார். முடிவில் என்னை மேடைக்கு வந்து அனுபவம் சொல்லச் சொன்னார்கள். மேடைக்குப் படிக்கட்டு மட்டும்தான். நாற்காலியோடு தூக்குகிறோம் என்று நான்கு பேர் ஓடி வந்தார்கள், வேண்டாம் என்றதும் அவர்கள் முகம்தான் வாடியது. தீயணைப்பு ஒத்திகையில் லிஃப்டை நிறுத்திவிட்டு, 'சார், நீங்க இங்கயே இருங்க' என்றார்கள். நிஜத் தீ வந்தாலும் இதே யோசனைதானா? குழந்தைகள் காப்பகத்தையும் சொல்லிவிடுகிறேன். 50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனத்தில் அது கட்டாயம் என்று 2017-லேயே மகப்பேறு சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். நம் அலுவலகத்தில் அதற்கென்று ஒதுக்கிய அறையில் இப்போது டேபிள் டென்னிஸ் ஆடுகிறார்கள்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். நான் கேட்பது புதுக் கட்டடம் அல்ல, பட்ஜெட்டும் அல்ல. அந்த அறையில் கிடக்கிற சாமான்களை எடுத்துவிட்டு, கம்பியைத் துடைத்து, தண்ணீர் வருகிறதா என்று பார்த்து, கழிவறையைத் திறந்துவிடுங்கள். மறுபடியும் பூட்டாமல் பார்த்துக்கொள்ள ஒருவரைப் பொறுப்பாக்கி, அவர் பெயரை எல்லோருக்கும் மின்னஞ்சலில் சொல்லுங்கள். டிசம்பர் 3-க்கு முன்னால் முடித்துத் தந்தால் ரொம்ப உதவியாக இருக்கும். ஊதாச் சட்டை என்னிடம் இருக்கிறது, நீங்கள் செலவு செய்ய வேண்டாம்.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும் உங்கள் ஊழியர்