லேபிள் இல்லாத மோட்டார்கள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம், முட்டிவலி மட்டும் என்னோடு குடும்பம் நடத்துகிறது. சரி, நீ கேட்ட விஷயம்: லேபிள் இல்லாத கியர் மோட்டார் என்ன வகை, எத்தனை வோல்ட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது.

மாடல் நம்பரைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதே. ஒரே அளவு உருளைக்குள் வேறு வேறு வைண்டிங் (கம்பிச் சுற்று), வேறு வேறு பல்விகிதம் (பற்சக்கரங்கள் வேகத்தைக் குறைக்கும் அளவு) வைத்து விற்கிறார்கள். 12 மி.மீ. அகலம், 3 மி.மீ. ஷாஃப்ட் (சுழலும் தண்டு) என்றால் என்20 என்ற சின்ன கியர் மோட்டார் வகை, 37 மி.மீ. விட்டம், 6 மி.மீ. ஷாஃப்ட் நடுவை விட்டு விலகி நின்றால் அது இன்னொரு வகை, அவ்வளவுதான் தெரியும். எத்தனை வோல்ட் என்று உருவம் சொல்லாது.

வயரை எண்ணு. இரண்டு என்றால் பெரும்பாலும் சாதாரண பிரஷ் டிசி, அதாவது பிரஷ் என்ற தொடுமுனை வழியாகக் கரண்ட் போகும் மோட்டார். நான்கு இருந்து, ஜோடி ஜோடியாக ஓம் காட்டினால் படிப்படியாகத் திரும்பும் ஸ்டெப்பர். ஆறு வயரும் பின்னால் சின்ன போர்டும் இருந்தால் என்கோடர் (சுற்றை எண்ணும் சென்சார்) வைத்தது, அதில் சென்சார் வயரில் 12 வோல்டை ஏற்றிவிட்டால் போச்சு, அதனால் மோட்டார் முனை எது என்று முதலில் போர்டைப் பார்த்துக்கொள்.

அப்புறம் வோல்டேஜ். பின்பக்கம் தெரியும் மோட்டார் ஷாஃப்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, பல நிலைகளில் ஓம் அள, பிரஷ் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும். வோல்டை அந்த ஓமால் வகுத்தால் ஷாஃப்ட் மாட்டி நின்றால் இழுக்கும் கரண்ட் கிடைக்கும், டிரைவர் (மோட்டாரை ஓட்டும் போர்டு) வாங்க அந்த எண்தான் முக்கியம். ஒரே மோட்டாரை 6 வோல்டுக்கும் 12 வோல்டுக்கும் கம்பி சுற்றினால் இரண்டாவதில் ஓம் சுமார் 4 மடங்கு இருக்கும், ஒரே மாதிரி இரண்டு கிடந்தால் இது கைகொடுக்கும்.

கரண்ட் வரம்பு வைத்த சப்ளையில் 2 வோல்டில் தொடங்கி மெல்ல ஏற்று. பின்பக்க ஷாஃப்டில் ஒரு கோடு போட்டு, வெளி ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு அது எத்தனை சுற்று என்று எண்ணினால் பல்விகிதம். 1:75 வந்து, சுமையில்லாமல் 12 வோல்டில் வெளியே 100 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்றால் உள்ளே 7500, சின்ன மோட்டாருக்கு இயல்பான வேகம். 6 வோல்டிலேயே உள்ளே 20,000 போய்க் கத்தினால் அது குறைந்த வோல்ட் ஆள். என்னைக் கேட்டால், வோல்டேஜ் என்பது சூட்டையும் ஆயுளையும் பார்த்து நாமே முடிவு செய்வதுதான்.

ஒன்று மட்டும், வெளி ஷாஃப்டைக் கையால் முறுக்காதே, பிடித்து நிறுத்தியும் பார்க்காதே. விகிதம் பெரிதாக இருந்தால் பல் உடையும். திருகு போன்ற வோர்ம் கியர் என்றால் பெரும்பாலும் கையால் திரும்பாது, பழுது என்று தூக்கிப் போட்டுவிடாதே.

உன்னிடம் இருக்கும் அந்த ஆறு வயர்க்காரன் எத்தனை ஓம் காட்டுகிறான் என்று அளந்து எழுது, எந்த டிரைவர் போதும் என்று பார்க்கலாம்.