யுரேக்கா நூலுக்கு இன்னும் 3,825 டொலர் தேவை

அன்புடையீர், வணக்கம்.

பிள்ளையாரைக் கும்பிட்டுத் தொடங்கிய வேலை பாதிக்கு மேல் முடிந்து நிற்கிறது. 1854இல் விக்டோரியாவின் பல்லாரட் ஊரில் தங்கச் சுரங்கக்காரர் நடத்திய யுரேக்கா கிளர்ச்சி பற்றிய சிறுவர் நூலும், நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளின் பல்லாரட் பயணமும் டிசம்பர் 3ஆம் திகதி நினைவு நாளையொட்டி நடக்க வேண்டும். அதற்கு ஒக்டோபர் 31க்குள் அச்சகத்துக்கு முழுப் பணமும் கட்டியாக வேண்டும். மொத்தச் செலவு 9,940 டொலர். கையில் இருப்பது 6,115. மீதி 3,825 டொலருக்காகத்தான் இந்தக் கடிதம்.

மெல்பேர்ணின் மேற்குப் புறநகரில் இருக்கும் நம்மில் யார்தான் பல்லாரட் போகவில்லை? பழைய தங்கச் சுரங்க ஊர் போல அமைத்த சவரின் ஹில்லில் பிள்ளைகள் தட்டில் மணல் அலசித் தங்கத்துகள் தேடுவதைப் படம் பிடித்துவிட்டு வீடு திரும்பிவிடுகிறோம். யுரேக்கா மையமும் அதே ஊரில்தான் இருக்கிறது. அங்கே கண்ணாடிக்குள் ஒரு பழைய நீலக் கொடி, ஓரங்கள் கிழிந்து தொங்கும். அது என்ன என்று பிள்ளை கேட்டால் பதில் சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்?

விக்டோரியாவில் 1851இல் தங்கம் கிடைத்ததும் உலகத்தின் நாலா பக்கமிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். தோண்டுவதற்கு மாதம் 30 ஷில்லிங் கட்டி அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். தங்கம் கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, கட்டத்தான் வேண்டும். கட்டுபவனுக்கு வாக்குரிமை இல்லை, தோண்டும் நிலமும் சொந்தமில்லை. 1854இல் ஆளுநராக வந்த சார்ல்ஸ் ஹொத்தம் பத்திரச் சோதனையை வாரத்துக்கு இரண்டு முறை நடத்தச் சொன்னார். பத்திரம் கையில் இல்லாதவர்களைப் பிடித்து மரக்கட்டையோடு சங்கிலியால் கட்டி வைத்ததும் உண்டு. இந்தப் பகுதியைக் குழுக் கூட்டத்தில் வாசித்தபோது மூத்தவர்கள் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவை இல்லை.

அதே 1854 ஒக்டோபரில் ஜேம்ஸ் ஸ்கோபி என்ற சுரங்கக்காரர் யுரேக்கா ஹோட்டலுக்கு அருகே கொல்லப்பட்டார். ஹோட்டல்காரர் பென்ற்லியை நீதவான்கள் விட்டுவிட்டார்கள். ஆத்திரப்பட்ட கூட்டம் ஹோட்டலையே எரித்தது. நவம்பர் 11ஆம் திகதி பேக்கரி ஹில்லில் கூடியவர்கள் பல்லாரட் சீர்திருத்தச் சங்கத்தை அமைத்து, தாங்கள் கீழ்ப்படிய வேண்டிய சட்டத்தை இயற்றுவதில் தங்களுக்கும் குரல் வேண்டும் என்று கேட்டார்கள். மாத முடிவில் பத்திரங்களை எரித்து, கண்ணாடிக்குள் நாம் பார்க்கும் அந்த நீலத் தென்சிலுவைக் கொடியை ஏற்றி, அதன் கீழ் சத்தியம் செய்தார்கள். அயர்லாந்துக்காரர் பீற்றர் லேலர் தலைவரானார். மரக்கட்டைகளை அடுக்கி ஓர் அரண் எழுப்பினார்கள்.

டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. ஓய்வு நாளில் படை வராது என்று நம்பிப் பலர் முதல் நாள் இரவே அரணை விட்டுப் போயிருந்தார்கள். விடியும் முன் 276 பேர் கொண்ட படையும் பொலிசும் உள்ளே புகுந்தன. அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை, எல்லாம் முடிந்துவிட்டது. சுரங்கக்காரர்களில் 20க்கு மேற்பட்டோரும் படையினர் சிலரும் இறந்தார்கள். லேலர் இடது கையை இழந்தார்.

தோற்ற சண்டைதான். ஆனால் அடுத்த சில மாதங்களைப் பாருங்கள். இராசத்துரோகக் குற்றம் சுமத்தப்பட்ட 13 பேரையும் மெல்பேர்ண் ஜூரிமார் ஒருவர் பாக்கியில்லாமல் விடுவித்தார்கள். முதலில் விடுதலையான ஜோன் ஜோசப் ஓர் ஆபிரிக்க அமெரிக்கர். அவரைச் சனங்கள் தெருவில் தூக்கிக்கொண்டு போனார்கள். 1855இல் மாதக் கட்டணம் ஒழிந்து, வருடத்துக்கு ஒரு பவுண் கட்டும் ‘சுரங்கக்காரர் உரிமை’ வந்தது. அதை வைத்திருந்தவருக்கு வாக்கும் கிடைத்தது. அதே ஆண்டு லேலர் சட்டமியற்றும் அவைக்குள் போனார். பிற்காலத்தில் விக்டோரியாச் சட்டசபையின் சபாநாயகருமானார்.

அவுஸ்திரேலிய ஜனநாயகமே அங்கேதான் பிறந்தது என்று முழங்குவோர் உண்டு. நம் நூல் அப்படி முழங்காது. விக்டோரியாவின் அரசியலமைப்பு வரைவு கிளர்ச்சிக்கு முன்பே இலண்டனுக்குப் போய்விட்டது. 1857இல் வயது வந்த ஆண்களுக்கு வாக்கு வந்தபோதும் இந்த மாநிலப் பெண்கள் 1908 வரை காத்திருந்தார்கள். தங்கம் தோண்டிய நிலம் வதாவுரங் மக்களின் நிலம். அவர்களை யாரும் கேட்கவில்லை. கிளர்ச்சி முடிந்த மறு ஆண்டே சீனர்கள் மீது தலைக்கு 10 பவுண் வரி விழுந்தது. அதற்குத் தப்பத் தென் அவுஸ்திரேலியாவின் ரோப் துறையில் இறங்கி, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நடந்தே வந்தார்கள். 1873இல் குளூன்ஸ் சுரங்கத்தில் வேலைநிறுத்தத்தை முறிக்கச் சீனத் தொழிலாளரைக் கொண்டுவரப் பார்த்த நிறுவனத்தின் இயக்குநர்களில் நம் பீற்றர் லேலரும் ஒருவர்! இதையும் பிள்ளைகள் படிக்கட்டும்.

‘வெள்ளைக்காரன் சண்டைக்கு நம் காசு ஏன்?’ என்று ஓர் ஐயா நேரடியாகவே கேட்டார். நியாயமான கேள்வி. இந்த மாநிலத்தில்தான் வாக்குப் போடுகிறோம், வரி கட்டுகிறோம், பிள்ளைகளை வளர்க்கிறோம். ஊரில் குரல் மறுக்கப்பட்ட கதையைச் சொல்லிக் கொடுக்கும் நாம், குடிவந்த ஊரில் குரல் கேட்ட கதையைத் தமிழில் சொல்லாவிட்டால் பிள்ளை அதை ஆங்கிலத்தில் மட்டும்தான் படிக்கும். எண்பதுகளில் ஒரு வீட்டு வாகனக் கொட்டகையில் பாய் விரித்து, கைப்பட எழுதிய அரிச்சுவடியோடு இந்தப் பள்ளியைத் தொடங்கிய அம்மாமாரும் ஐயாமாரும் அந்த நாளில் யாரிடமும் ‘நமக்கேன்’ என்று கேட்கவில்லை.

செலவு விபரம்: 600 பிரதி அச்சிட 4,180 டொலர், படங்களுக்கு 1,350, ஒலிப்பதிவுக்கு 640, இரண்டு பேருந்துக்கு 2,300, நுழைவுச்சீட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் 1,470. எழுதியவர்களும் பிழை திருத்தியவர்களும் ஒரு சதமும் வாங்கவில்லை.

இதுவரை தந்தவர்களை மறக்க முடியாது. கோயில் திருவிழாவில் வெயிலில் நின்று கொத்துரொட்டி போட்டு 1,240 டொலர் சேர்த்துத் தந்த இளைஞர்களுக்கும், ஓய்வூதியத்தில் மாதம் 20 டொலர் ஒதுக்கிக் கடித உறையில் போட்டுத் தரும் அம்மம்மாவுக்கும், பெயர் போட வேண்டாம் என்று 1,000 டொலரைத் தந்துவிட்டுப் போன அண்ணருக்கும், உண்டியலை உடைத்து 37 டொலர் கொண்டுவந்த மூன்றாம் வகுப்புச் சகோதரிகளுக்கும் நன்றி. மாவிளக்குப் பூசையன்று கிடைத்த தட்டுக் காசை அப்படியே நம்மிடம் தந்த கோயில் அன்பர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஜூன் மாதக் கூட்டத்தில் தலா 150 டொலர் தருவதாகக் கை தூக்கியவை 31 குடும்பங்கள். தந்தவை 19. மீதி 12 குடும்பங்களின் பெயரைப் பலகையில் எழுத வேண்டும் என்று குழுவில் சிலர் சொன்னார்கள். வேண்டாம் என்று தடுத்திருக்கிறோம். அந்தப் பணம் வந்தாலே 1,800 டொலர் அடைந்துவிடும். பிறந்தநாள் மண்டபத்துக்கும் பலூன் அலங்காரத்துக்கும் ஆயிரக்கணக்கில் கொடுக்கும்போது நாம் கணக்குப் பார்ப்பதில்லை. 50 டொலர் தந்தால் ஒரு பிள்ளையின் பயணத்துக்குப் போதும்.

சனிக்கிழமைகளில் காலை 9 மணி முதல் பள்ளி வாசலில் பொருளாளர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு இருப்பார். வங்கி மூலம் அனுப்புவோர் ‘யுரேக்கா’ என்று குறிப்பிடுங்கள். கணக்கு இலக்கம் பள்ளி அறிவித்தல் பலகையில் உண்டு. கொடுத்தவர்களின் பெயர்கள் நூலின் கடைசிப் பக்கத்தில் வரும். அந்தப் பக்கம் ஒக்டோபர் 28ஆம் திகதி அச்சகத்துக்குப் போகிறது.

இங்ஙனம்,
நூல் வெளியீட்டுக் குழு