அப்பாவின் வயதில் விளையாடும் பிள்ளைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

செல்போனில் ஆடும் துப்பாக்கி விளையாட்டுகள் எல்லாவற்றையும் அரசு தடை செய்ய வேண்டும் என்று வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். திங்கள்நகரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். தடை வந்தால் என்ன நடக்கும் என்பதை என் மேசையிலேயே பார்த்தாகிவிட்டது. 2020 செப்டம்பரில் பப்ஜி என்ற துப்பாக்கி விளையாட்டைத் தடுத்தார்கள். பையன்கள் அதை ஏபிகே ஃபைலாக, அதாவது பிளே ஸ்டோருக்குப் போகாமலே போனில் ஏற்றக்கூடிய ஃபைலாக, ஒருத்தன் போனிலிருந்து இன்னொருத்தன் போனுக்கு மாற்றிக்கொண்டார்கள். பிளே ஸ்டோரில் இறக்கினால் எத்தனை வயதுக்கு மேல் என்று ஒரு எண்ணாவது கண்ணில் படும். இதில் அதுவும் இல்லை. மறு வருடம் ஜூலையில் அதே விளையாட்டு பிஜிஎம்ஐ என்று பெயர் மாற்றி வந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் என்ற இன்னொரு விளையாட்டைத் தடுத்தார்கள், அதன் 'மேக்ஸ்' பதிப்பு தடையில்லாமல் இருந்தது. அந்தத் தடைகளும் நாட்டின் பாதுகாப்பைக் காட்டிப் போட்டவை, பிள்ளைகளுக்காக அல்ல. 2025-இல் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் தடை செய்தது பணம் கட்டி ஆடுவதைத்தான். "அதான் கவர்மென்ட் எல்லாத்தையும் நிறுத்திட்டே" என்று கடைக்கு வந்து சொல்பவர்களுக்கு இதை விளக்கியே வாய் வலிக்கிறது.

கடலோரத்திலிருந்து ஒரு பாட்டி பேரனோடு வந்தார். "மக்ளே, இதுல வெடிச்சத்தம் வராம ஆக்கித் தா. ராத்திரி செபமாலை சொல்ல விடமாட்டேங்கான்." போனைத் திறந்தால் உள்ளே இருப்பது அப்பாவின் கூகுள் கணக்கு. அப்பா குவைத்தில். பையன் ஐந்தாம் வகுப்பு. பிளே ஸ்டோருக்கு அவன் நாற்பது வயது ஆள், ஆகவே 18+ வரை எல்லாம் திறந்து கிடக்கிறது.

போனைப் பிடுங்கி வையுங்கள் என்று டிவியில் நிபுணர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் அப்பா வளைகுடாவில் இருக்கிறார்; தூத்தூர் பக்கமென்றால் வாரக்கணக்கில் ஆழ்கடலில். படகு ஏதாவது துறைமுகத்தைத் தொட்டாலும் ஷிப்டு முடிந்தாலும் அவர் பிள்ளையைப் பார்ப்பது அந்தப் போனில்தான். அதைப் பிடுங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. பிள்ளையின் உண்மையான பிறந்த தேதியில் தனிக் கணக்கு திறந்து, கூகுளின் ஃபேமிலி லிங்க் என்ற ஆப்பில் சேர்த்துவிட்டால் போதும். எந்த விளையாட்டு ஏறலாம், எத்தனை மணி நேரம், ராத்திரி எப்போது போன் பூட்ட வேண்டும் என்பதையெல்லாம் பெற்றவர் தன் போனிலிருந்தே வைக்கலாம். காசு கிடையாது. அது பெரிய வேலையாகத் தெரிந்தால் பிளே ஸ்டோர் செட்டிங்ஸில், ஃபேமிலி என்பதற்குள் பேரன்டல் கன்ட்ரோல் இருக்கிறது. அதில் வயதை 7 அல்லது 12 என்று வைத்து ஒரு பின் நம்பர் போடலாம். ஆனால் ஏற்கெனவே போனில் இருக்கும் விளையாட்டை அது தொடாது. அதை நீங்கள்தான் அழிக்க வேண்டும். இது தெரியாமல்தான் "போட்டும் பலனில்ல" என்று திரும்பி வருகிறார்கள்.

அந்த வயது எண்ணை முழுதாக நம்பவும் வேண்டாம். விளையாட்டைச் செய்தவரே ஒரு கேள்வித்தாளை நிரப்பி வாங்குவது அது. சினிமாவுக்கு இருப்பதுபோல இங்கே இதற்குத் தணிக்கை வாரியம் கிடையாது. உடன் விளையாடுகிறவன் மைக்கில் பேசும் கெட்ட வார்த்தையை எந்த எண்ணும் அளப்பதில்லை. பிள்ளையின் ஹெட்செட்டை ஒருநாள் வாங்கி உங்கள் காதில் வைத்துப் பாருங்கள்.

விவரம் தெரிந்த அப்பாக்களும் சளைத்தவர்கள் அல்ல. லேப்டாப்பைக் கொண்டுவந்து "பையனுக்கு அந்தக் கார் கேமைப் போட்டுக் குடுங்க" என்பார் ஒருவர். அவர் கேட்பது ஜிடிஏ. ஆளை அடித்துக் காரைப் பறிக்கிற விளையாட்டு. ஐரோப்பாவில் 18, அமெரிக்காவில் 17 வயதுக்கு மேல். சொன்னால், "எல்லாப் பிள்ளைகளும்தானே ஆடுது" என்று முகம் மாறும்.

இதை ஆடினால் பிள்ளை கொலைகாரனாகிவிடுவான் என்று நான் சொல்லவில்லை. வன்முறைக் குற்றங்களுக்கு விளையாட்டைக் காரணமாக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கமே 2020-இல் சொன்னது. கத்துவது, தள்ளிவிடுவது போன்றவற்றோடு சிறு தொடர்பு உண்டு என்றும் அதே சங்கம் சொன்னது. பாட்டிமார் என் கடையில் சொல்லும் புகாரும் அவ்வளவுதான்.

என்னைப் போன்ற கடைக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. சிறுவர்களுக்கு வன்முறை விளையாட்டு விற்கக்கூடாது என்று கலிபோர்னியா போட்ட சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011-இல் ரத்து செய்தது. ஆனாலும் அங்கே பெரிய கடைகள் தாங்களாகவே வயது கேட்கின்றன. மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல் என்று நம் பக்கத்துக் கடைகளும் புதுப் போனைக் கையில் கொடுக்கும்போது "யாருக்கு?" என்று கேட்கலாம். பிள்ளைக்கென்றால் அங்கேயே வயதுப் பூட்டைப் போட்டுக் கொடுக்கலாம்.

பெற்றோருக்கு இன்னொன்று: பின் நம்பராகப் பையன் பிறந்த வருடத்தைப் போடாதீர்கள். அவன் முதலில் அடித்துப் பார்ப்பது அதைத்தான்.

இப்படிக்கு,
செல்போன் கடைக்காரர் ஒருவர்,
திங்கள்நகர், கன்னியாகுமரி மாவட்டம்.