தேங்காய் நாரில் ஒரு மலை

ஷாவோஷிங், சீனா

அன்புள்ள அம்மாவுக்கு,

செல்வம் எழுதுவது. நீ சொல்லச் சொல்ல கவிதா எழுதிய கடிதம் கிடைத்தது. தீபாவளிக்கு அப்புறம் நான் ஒரு வரிகூட எழுதவில்லை, தப்புதான். போனில் இரண்டு நிமிஷம் பேசுவதை நீ கணக்கில் சேர்க்கமாட்டாய்.

இங்கே நல்ல குளிர். பெய்ஜிங் பக்கம் என்றால் வீட்டுக்கு வீடு குழாயில் சூடு வரும். தெற்கே அது கிடையாது. துவைத்த சட்டை மூன்று நாளானாலும் ஈரம் போகாது. சாப்பாட்டுக்குக் குறையில்லை, தக்காளி ரசம் வைத்துக்கொள்கிறேன். பெரிய வீட்டை விட்டு ஓர் அறைக்கு வந்துவிட்டேன். கூட்டிப் பெருக்கச் சுலபம்.

எதிர் அறையில் ஒரு தாத்தா. துணிக்கு டிசைன் வரைந்து ஓய்வு பெற்றவர். குப்பையை மட்டும் கொட்டவே மாட்டார். காய்ந்த குச்சி, வெங்காயச் சருகு, பிளாஸ்டிக் பை எல்லாம் மூட்டை மூட்டையாக இருக்கும். எதற்கென்று ரொம்ப நாள் புரியவில்லை. ஷு பிங் என்று பெரிய ஓவியர் இருக்கிறார். 2004-லிருந்து அவர் செய்கிற மலைக்காட்சிகளைத்தான் இவரும் செய்து பார்க்கிறார். பாத்ரூம் ஜன்னலுக்குப் போடுவோமே, அந்த மங்கல் கண்ணாடிக்குப் பின்னால் குப்பையை ஒட்டி விளக்குப் போட்டால், முன்னாலிருந்து பார்க்க மையில் வரைந்த பழைய ஓவியமேதான். கண்ணாடியைத் தொடுவது கறுப்பாகத் தெரியும், கொஞ்சம் தள்ளி வைத்தால் பனிமூட்டம்.

தாத்தா எடுத்திருப்பது ஃபூச்சுன் மலை. இங்கிருந்து ஹாங்சோ நகரத்தைத் தாண்டினால் அதே பேரில் ஓடும் ஆறு வந்துவிடும். ஹுவாங் கோங்வாங் என்பவர் 1350-ல், எண்பது வயதுக்கு மேல், அதை வரைந்து முடித்தாராம். பின்னாளில் அதை வைத்திருந்தவர் சாகும்போது, தன்னோடு வரட்டும் என்று தீயில் போடச் சொல்லியிருக்கிறார். வீட்டுப் பையன் ஒருவன் இழுத்து எடுத்ததில் இரண்டு துண்டாகிவிட்டது. சின்னது ஹாங்சோவில், பெரியது கடல் தாண்டி தைவானில், தைபேயில். 2011-ல்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களாம். இதைச் சொல்லும்போதெல்லாம் தாத்தாவுக்குக் குரல் கம்மிவிடும்.

போன தடவை ஊறுகாய் பாட்டிலைச் சுற்றி நீ தேங்காய் நார் வைத்துக் கட்டினாயே, அதைக் கேட்டு வாங்கிப்போனார். மறுநாள் கூப்பிட்டுக் காட்டினார். மலையடிவாரம் முழுக்க நம் நார், அம்மா! முன்னாலிருந்து பைன் காடு, பின்னால் போனால் நம் கிணற்றடி வாசம். காட்டுக்குள்ளே தீக்குச்சியில் ஒரு குடிசை. ஊரை விட்டுத் தனியாக இருப்பவர்கள் அந்தக் காலத்து ஓவியங்களில் அப்படித்தான் இருப்பார்களாம். "உள்ளே இருப்பது நீதான்" என்றார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார். நான் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீ மடியில் தேங்காயை வைத்துக்கொண்டு நார் உரிப்பது கண்ணுக்குள்ளேயே நின்றது.

சரி, அது போகட்டும். தோப்புக்கு வெள்ளை ஈ வந்திருப்பதாக எழுதியிருக்கிறாய். கண்டதையும் வாங்கி அடிக்காமல், மாமாவை விட்டு வேளாண் ஆபீசில் கேட்கச் சொல். கவிதாவைப் பார்த்துவிட்டுப் போன பெருந்துறைக்காரர்கள் தை பிறந்ததும் பேசலாம் என்றால் ஒத்துக்கொள். பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று முதலில் கேள். இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளி வரும், ஒரு பார்ட்டி இன்னும் கணக்கு முடிக்கவில்லை. வளையலை மட்டும் அடகு வைத்துவிடாதே.

மாசியில் மாமா சரக்குப் பார்க்க வரும்போது கொஞ்சம் நார் கொடுத்து அனுப்பு. தாத்தாவுக்கு இடது பக்கத்து மலை இன்னும் பாக்கி.

உன் மகன்,
செல்வம்