நாயோடு திருகோணமலைக்கு வருபவர்கள் முதலில் எடுத்து வைக்க வேண்டிய இலக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சித்திரை விடுமுறை தொடங்கினால் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணத்து வாகனங்கள் வரிசையாக நிற்கும். இப்போது பலர் வீட்டு நாயையும் பூனையையும் கூடவே கூட்டி வருகிறார்கள். தங்குமிடம், சாப்பாடு, புறாத்தீவுக்குப் படகு எல்லாம் முன்கூட்டியே பேசி வைக்கிறார்கள். மிருக வைத்தியரின் இலக்கத்தை மட்டும் நாய் வாந்தியெடுக்கத் தொடங்கிய பிறகு, இரவு பத்து மணிக்குத் தேடுகிறார்கள். எந்த வைத்தியர் எதைச் செய்வார் என்று தெரியாமல் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருக்கும் அந்த மூன்று நான்கு மணித்தியாலத்தில்தான் பல உயிர்கள் கைநழுவுகின்றன.

வெளியூர்க்காரர் முதலில் கேட்டுப் போவது அரச கால்நடை வைத்திய அலுவலகத்தை. அங்கே இருப்பவர் முழுத் தகுதி பெற்ற வைத்தியர்தான். ஆனால் அந்த அலுவலகத்தின் பெரும்பகுதி வேலை மாடு, எருமை, ஆடு, கோழி சார்ந்தது. செயற்கைமுறைச் சினைப்படுத்தல், தடுப்பூசி என்று அவர் பட்டிகளுக்குப் போயிருக்கலாம். கிழமை நாட்களில், அலுவலக நேரத்தில், முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போனால் பயனுண்டு. சனி, ஞாயிறிலும் இரவிலும் பூட்டிய கேற்றின் முன் நிற்க நேரும். அந்த நேரத்துக்குத் தனியார் கிளினிக்தான் வழி. பல கிளினிக்குகள் மாலையில் மட்டும் திறக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்றாவது ஒரு கதவு உண்டு. அதைத் தட்டவே வேண்டாம். செல்லப்பிராணிக் கடைக்காரர், கால்நடைத் துறையில் வேலை பார்த்த அனுபவசாலி என்று யாரோ ஒருவர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போவார். 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி மிருக வைத்தியம் பார்ப்பவர் இலங்கை மிருக வைத்தியச் சபையில் பதிவு செய்திருக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் பி.வி.எஸ்சி. பட்டமும் பதிவு இலக்கமும் இருக்கிறதா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பதிவுள்ளவர் கோபிக்க மாட்டார்.

புறப்படுவதற்கு முன், வீட்டிலிருந்தே இரண்டு கிளினிக்குகளுக்கு அழைப்பெடுங்கள். நன்றாகப் பார்ப்பாரா என்று கேட்டுப் பிரயோசனமில்லை. டொக்டர் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை நேரில் இருப்பார்? நாய், பூனை தினமும் பார்க்கிறாரா? சேலைன் ஏற்றி இரவு வைத்திருக்க முடியுமா, முடிந்தால் இரவில் கூட இருப்பது யார்? இரத்தப் பரிசோதனை முடிவு அன்றைக்கே வருமா, வெளியூருக்கு அனுப்பி மறுநாள் வருமா? கைமீறினால் எங்கே அனுப்புவார்? கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்பவரை நம்பலாம். “என்னிடம் அந்தக் கருவி இல்லை, பேராதனை மிருக வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்” என்று முதல் அரை மணித்தியாலத்திலேயே சொல்லும் வைத்தியர், எல்லாவற்றையும் தானே பார்ப்பேன் என்று மூன்று நாள் வைத்திருப்பவரை விட நல்ல வைத்தியர்.

நோய் வந்த பிறகு எடுக்கும் அழைப்பு வேறு மாதிரி. “டொக்டர், நாய்க்கு ஏலாது, சோர்ந்து கிடக்குது” என்றால் அவரால் எதையும் தீர்மானிக்க முடியாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “ஆண் நாய், மூன்று வயது, 14 கிலோ. தடுப்பூசி எல்லாம் போட்டது. நேற்றிரவு எட்டு மணியிலிருந்து ஆறு தரம் வாந்தி, கடைசி வாந்தி மஞ்சள் நுரை. சிறுநீர் தேயிலைச் சாயம் மாதிரி. காய்ச்சல் 40.3. பல் முரசு வெளிறிப் போயிருக்கு.” இதைக் கேட்டதும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம் என்று நினைத்து, உடனே வரச் சொல்வதா, இரத்தம் பார்க்கும் வசதியுள்ள இடத்துக்கு நேரே அனுப்புவதா என்று அவர் முடிவெடுப்பார்.

இந்த விபரங்களை எடுக்கப் பெரிய உபகரணம் தேவையில்லை. பார்மசியில் விற்கும் டிஜிட்டல் வெப்பமானியின் நுனியில் வாசலின் பூசி, ஆசனவாயில் ஒரு அங்குலம் அளவு வைத்துப் பார்க்க வேண்டும். நாய்க்கு 38 முதல் 39.2 பாகை வரை இயல்பு. மனிதக் கணக்கில் 38.8ஐக் காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுப்பது அடிக்கடி நடக்கும் பிழை. மேலுதட்டைத் தூக்கி முரசை விரலால் அழுத்தி விட்டால், வெளிறிய இடம் இரண்டு செக்கனுக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். அதற்கு மேல் எடுத்தால் இரத்த ஓட்டம் தளர்ந்துவிட்டது என்று பொருள். காலையில் பார்ப்போம் என்று படுக்கக் கூடாது. எடைக்கு, நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நின்று உங்கள் எடையைக் கழியுங்கள். மருந்தளவு முழுவதும் கிலோக் கணக்கில்தான்.

இந்தக் கடற்கரைக்கே உரிய ஆபத்துகள் சில உள்ளன. கரைவலை இழுத்த இடத்தில் வேண்டாத மீன் என்று எறிந்துவிட்டுப் போகும் பேத்தை அதில் முதன்மையானது. காய்ந்து கிடந்தாலும் அதன் நஞ்சு போகாது, சமைத்தாலும் போகாது. தின்ற நாய் வாயை நக்கும், வாந்தியெடுக்கும், பின்னங்கால் தள்ளாடும், பிறகு மூச்சுத் தசைகள் நின்றுவிடும். முறிமருந்து கிடையாது. நஞ்சு வெளியேறும் வரை ஒட்சிசன் கொடுத்து மூச்சைத் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். ஆகவே இதற்கு வேண்டியது ஒட்சிசன் உள்ள கிளினிக். அழைக்கும்போதே “பேத்தை தின்றிருக்கலாம்” என்று சொல்லுங்கள். உப்புக் கரைசல் ஊற்றி வாந்தியெடுக்க வைக்க வேண்டாம். உப்பே நஞ்சாகும், தள்ளாடும் நாய்க்கு அது நுரையீரலுக்குள்ளும் போகும். தூண்டில் முள்ளை விழுங்கி தூண்டில் நரம்பு வாயில் தொங்கினால் இழுக்காதீர்கள். தொங்கும் நுனியைக் கழுத்துப் பட்டியில் கட்டிவிட்டு, எக்ஸ்ரே உள்ள இடத்துக்குக் கொண்டு போங்கள்.

கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் வெப்ப அதிர்ச்சி சர்வசாதாரணம். மூடிய வாகனத்துக்குள் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ பத்துப் பாகை கூடிவிடும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் அதற்கும் முன்பே விழும். விழுந்தால் முதலில் குளிரவைத்து, பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும். நிழலில் கிடத்தி, குழாய்த் தண்ணீரை உடல் முழுதும் தொடர்ந்து ஊற்றி, விசிறுங்கள். ஈரத் துவாயால் போர்த்தி விட்டுவிடுவது தவறு, அது சூட்டை உள்ளே அடைக்கும். 39.5க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்தலாம். எழுந்து வாலாட்டினாலும் வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். சிறுநீரகப் பாதிப்பும் இரத்தம் உறையாமையும் ஒன்றிரண்டு நாள் கழித்தே தெரியவரும்.

பையில் இருக்கும் பனடோலைத் தொடாதீர்கள். பூனைக்கு அரைக் குளிசையே உயிரை எடுக்கும். நாய்க்கு இபுபுரூஃபன், டைக்ளோபெனாக் குடலைப் புண்ணாக்கும். ஆண் பூனை திரும்பத் திரும்பக் குந்தியும் சிறுநீர் வராவிட்டால் அது மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுப்பவர்கள் உண்டு. அது பெரும்பாலும் சிறுநீர்க்குழாய் அடைப்பு. ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நாய் எச்சில் வடித்து, விழுங்க முடியாமல், தாடை தொங்க நின்றால் தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டதென்று கையை உள்ளே விடாதீர்கள். விசர்நோயும் இப்படித்தான் தோன்றும். கை பட்டிருந்தாலும் கடித்திருந்தாலும் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, நேரே மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள்.

கிளினிக் மேசையில் வைத்தியர் எடை பார்க்கிறாரா, காய்ச்சல் பார்க்கிறாரா, வயிற்றைத் தடவிப் பார்க்கிறாரா, ஊசிக்கு முன் கேள்வி கேட்கிறாரா என்று கவனியுங்கள். எல்லாவற்றையும் விட, போட்ட மருந்தின் பெயர், அளவு, நேரம் மூன்றையும் எழுதி வாங்காமல் படியிறங்காதீர்கள். “ஒரு வெள்ளை ஊசி, ஒரு சிவப்பு ஊசி” என்று அடுத்த வைத்தியரிடம் சொன்னால் அவர் இருட்டில் கைவைக்க வேண்டியதுதான். முதலாமவர் ஸ்டீரொய்ட் போட்டது தெரியாமல் இரண்டாமவர் வலிநிவாரணி கொடுத்தால் குடலில் ஓட்டையே விழலாம். இரத்தம் எடுக்கும் முன் ஸ்டீரொய்டோ அன்டிபயோட்டிக்கோ ஏற்றிவிட்டால் பரிசோதனை முடிவும் குழம்பும்.

பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை ஹபரணை, தம்புள்ளை வழியாக நான்கு, ஐந்து மணித்தியாலப் பயணம். அங்கே இருப்பவர்களுக்கு அறிவித்து, வேலை நேரத்துக்குள் போய்ச் சேரும்படி விடியற்காலையில் புறப்படுவது நல்லது. வழியில் மயக்கத்தில் இருக்கும் நாயின் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

கிழக்கு மாகாண கால்நடை அதிகாரிகளிடமும் விடுதி உரிமையாளர்களிடமும் கேட்பது ஒரே ஒரு தாள். பதிவுபெற்ற வைத்தியர்களின் பெயர், நேரம், இரவு இலக்கம், யாரிடம் ஒட்சிசன், யாரிடம் எக்ஸ்ரே, யார் இரவு வைத்திருப்பார் என்ற விபரம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் அச்சிட்டு, பங்குனி முடிவதற்குள் ஒவ்வொரு விடுதியின் வரவேற்பு மேசையிலும் ஓட்டோத் தரிப்பிடங்களிலும் ஒட்டிவிட்டால் போதும். ஆண்டுதோறும் இலக்கங்களைச் சரிபார்க்கும் பொறுப்பை யாராவது ஒருவர் பெயரில் எழுதி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
செல்லப்பிராணி வளர்க்கும் வாசகர்கள்,
உப்புவெளி, திருகோணமலை.